தொடாத கட்டம்

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் ஓர் அட்டவணை குடியிருந்தது.

ஒரு கல்யாணத்துக்கு ஒரு வரி. வரிக்குள் வரிசையாகக் கட்டங்கள். மணமகள் கட்டம், நாள் கட்டம், மண்டபக் கட்டம், இலைக் கட்டம், இன்னும் சில. இலைக் கட்டம் என்றால் பந்தியில் எத்தனை இலை போடவேண்டும் என்பது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

இதற்கென்று ஒழுங்காக ஒரு மென்பொருள் இருந்திருக்கவேண்டும். செய்து தருகிறேன் என்று முன்பணம் வாங்கியவன் பாதியில் துபாய் போய்விட்டான். ஆகவே ஆபீஸில் இருந்தவர்கள் அட்டவணையையே நேராகத் திறந்து, வரியை நேராகத் திருத்தினார்கள். அப்படித் திறக்க உதவுவது நிர்வாகி மட்டும் தொடவேண்டிய ஒரு கருவி. எல்லோரும் தொட்டார்கள்.

அந்தக் கருவிக்குள் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். படிவம், சேமி.

யாராவது ஒரு வரியைத் திருத்தத் திறந்தால் படிவம் வந்து நிற்கும். வரியைப் பார்த்து இரண்டு பிரதி எடுக்கும். ஒன்றை மடியில் கட்டிக்கொள்ளும். அது திறந்தபோது இருந்தபடியே இருக்கும். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ளும். அதில்தான் திருத்துவார்கள்.

சேமி ஒரு பொத்தான். சுபாவத்தில் சுமைகாரன். அழுத்தியதும் படிவத்தின் கையில் இருக்கும் பிரதியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவான். வரிமேல் கவிழ்ப்பான். ஒரு கட்டம் மாறியிருந்தாலும் சரி, முழு வரியையும் கவிழ்ப்பான்.

"ஏம்ப்பா, மாறினது ஒரே ஒரு கட்டம். எல்லாத்தையும் எதுக்குத் தூக்கிட்டு வாறே?" என்று நாள் கட்டம் ஒருதரம் கேட்டது.

"தூக்குன்னாங்க, தூக்கினேன். எதுக்குன்னு கேட்டா அவன் சுமைகாரன் இல்ல."

"நடுவுல வேற யாராவது ஏதாவது மாத்தியிருந்தா?"

"அது என் தலையில இல்லை. தலையில இருக்கிறதுக்குத்தான் நான் பொறுப்பு."

போன தையில் ஒரு வரவேற்பின் சமையல்காரர் இப்படித்தான் காணாமல் போனார். ஒருவர் சமையல்காரர் பெயரை வரியில் போட்டார். இன்னொருவர் அதற்கு முன்பே திறந்து வைத்திருந்த படிவத்தில் போன் நம்பரைத் திருத்திச் சேமித்தார். நம்பர் ஏறியது, பெயர் அழிந்தது. வந்த கூட்டம் எதிர்க் கடையில் புரோட்டா தின்றுவிட்டுப் போனது.

விசாரித்தார்கள். "சமையல்காரர் பேரை நான் தொடவே இல்லை" என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். சத்தியம் உண்மைதான். யாரும் தொடவில்லை. ஆனால் அழிந்தது. இந்த ஊரில் பாதிக் காரியம் அப்படித்தான் கெடுகிறது.

சரி. கதை நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

மாடி ஆபீஸில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். புக்கிங் எல்லாம் அவள் கை. போன் வந்தது. அடுத்த மாதம் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்தின் மாப்பிள்ளை வீடு.

"யக்கா, உலகம்மை கல்யாணத்துக்கு இலைக் கணக்குச் சொல்லலியே. எழுநூறு போட்டுக்கிடுங்க."

மரகதம் வரியைத் திறந்தாள். படிவம் வந்து நின்றது. இலைக் கட்டத்தில் அதுவரை யாரும் எதுவும் எழுதவில்லை. 700 என்று அடித்தாள். சேமியின் பக்கம் விரல் போனது. சுவரில் இருந்த காலண்டரில் கண் பட்டது. விரலை எடுத்துவிட்டாள்.

"பத்தரை தாண்டிட்டு. ராகுகாலம்."

எதிரே நாற்காலியில் ஜவுளிக்கடை நவநீதம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். "நல்லவேளை பாத்தே" என்றார்.

"கல்யாணக் காரியத்துல ராகுகாலத்துல கை வைப்பேனா அண்ணாச்சி? பன்னெண்டு மணிச் சங்கு ஊதட்டும், அழுத்திக்கிடலாம். அடிச்சது அங்கதான இருக்கும், எங்க போகுது?"

"அது சரி. என் விஷயம்? அதே நாள்ல என் மவன் வரவேற்பு. கீழ் மண்டபத்தை எவனோ வேண்டாம்னு விட்டுட்டானாமே. அதை எனக்குப் போடு. ஊரெல்லாம் கீழ் மண்டபம்னு என் சம்பந்தி இப்பவே சொல்லிட்டு அலையுதான்."

"சங்கு ஊதட்டும் அண்ணாச்சி. முதல்ல இதைச் சேமிச்சுட்டு, அப்புறம் பட்டியலைப் பாக்குறேன். காலின்னு இருந்தா உங்களுக்குத்தான்."

இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். படிவம் திறந்தபடியே கிடந்தது.

அதே நேரத்தில் கீழே மானேஜர் காஜா மைதீனின் அறை வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. உலகம்மை. கல்யாணப் பெண். தாலுகா ஆபீஸில் வேலை. கால் நடக்காது. அந்தக் கணக்கையும் சேர்த்து வாய் நடக்கும். பின்னால் அவள் அப்பா ஆவுடையப்பன், வியர்த்துக்கொண்டு.

"பாய், எங்களுக்கு மேல் மண்டபம் போட்டிருக்கீங்க" என்றாள்.

"அன்னைக்குக் கீழ வேற ஆளு எடுத்திருந்தாங்கம்மா."

"மேல இருபத்தெட்டுப் படி. எண்ணிட்டுத்தான் வந்தேன், கீழ இருந்தே."

ஆவுடையப்பன் குறுக்கே வந்தார். "நான் சொல்லிட்டேன் பாய். இவ மச்சான்மாரு நாலு பேரு இருக்கானுவ. நாற்காலியோட அப்படியே தூக்கிருவானுவ. ஒரு நிமிஷ வேலை."

"நான் என்ன பூசணிக்காயாப்பா, நாலு பேரு தூக்கிட்டுப் போய் இறக்கி வைக்க?"

"ஏட்டி, ஊரே பண்ணுற காரியம்..."

"ஊருக்கு ஆசையா இருந்தா ஊரு ஏறட்டும். என் கல்யாணத்துல மணவறைக்கு நானே உருட்டிட்டுப் போவேன். முடியாதுன்னா சொல்லுங்க, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கிடுதேன். அங்க படி இல்ல, சரிவுதான். நான்தான் மனுப் போட்டுக் கட்ட வச்சேன்."

காஜா மைதீன் சிரித்துவிட்டார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"உங்க நேரம்மா. கீழ எடுத்திருந்தவங்க காலையிலதான் தள்ளி வச்சுட்டாங்க. இந்தா மாத்திடுதேன்."

"பாய், ராகுகாலம்" என்றார் ஆவுடையப்பன், மெல்ல.

"நமக்கு அது பழக்கமில்ல அண்ணாச்சி. ஜும்மாவுக்குப் போகணும், அதுதான் நேரம்." அவரும் அதே வரியைத் திறந்தார். மேல் என்று இருந்ததைக் கீழ் என்று மாற்றினார். அழுத்தினார். "ஆச்சு. கம்ப்யூட்டர்ல ஏறிட்டுல்லா. இனி எவன் அசைக்க முடியும்?"

சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். போனை அணைத்தார். பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

உலகம்மை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கீழ் மண்டபத்துக்குள் போனாள். வாசலிலிருந்து மணவறைவரை ஒருதரம் உருட்டிப் பார்த்தாள். வழியில் ஒரே ஒரு மேடு. நிலைப்படி. சமாளித்துவிட்டாள். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

உள்ளே, அட்டவணையில், மண்டபக் கட்டம் குதித்துக்கொண்டிருந்தது.

"கீழ்! கீழ்! நான் இப்போ கீழ்!"

"ஆடாதே" என்றது நாள் கட்டம். "மாடியில ஒரு படிவம் திறந்து கிடக்கு, பாத்தியா?"

மண்டபக் கட்டம் பார்த்தது. மரகதத்தின் படிவம். கையில் பிரதி. பிரதியில் இலை 700. அதற்குப் பக்கத்தில் மண்டபம் மேல்.

குதிப்பு நின்றது.

"ஏ படிவம்! நான் மாறிட்டேன். உன் கையில இருக்கிறது பழசு."

"நான் திறக்கும்போது நீ மேல்."

"இப்ப கீழ்!"

"திறந்ததுக்கு அப்புறம் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததுதான் எனக்கு உண்மை."

"மறுபடி ஒருதரம் பாரேன்!"

"பார்க்கிற வழக்கமில்லை."

மண்டபக் கட்டம் சேமியின் பக்கம் திரும்பியது. "அண்ணே, சங்கு ஊதினதும் அந்தப் பொம்பளை உன்னை அழுத்துவா. நீ என்னை மட்டும் கவுக்காம விட்டுரு. இலையை மட்டும் எடுத்துட்டு வா."

"பிரிச்செடுக்க எனக்குத் தெரியாது" என்றான் சேமி. சலிப்பே இல்லாமல் சொன்னான். "அழுத்துவா. தூக்குவேன். கவுப்பேன்."

"அப்புறம் நான் மேல்னு ஆயிடுவேன். கீழ் காலின்னு பட்டியல்ல தெரியும். அந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி அடுத்த நிமிஷம் அதை வாங்கிருவாரு. அந்தப் பிள்ளையை நாலு பேரு தூக்குவாங்க!"

"நான் தொடவே இல்லைன்னு மரகதம் சத்தியம் பண்ணுவா" என்றது மணமகள் கட்டம். அது உலகம்மையின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது. அதற்குக் கோபம் அதிகம்.

நாள் கட்டம் யோசித்தது. நாளுக்குக் கொஞ்சம் உலக அனுபவம் உண்டு. "வாசல்ல இந்தக் கருவியையே சரிபண்ண ஒரு திருத்தம் காத்துக்கிட்டு நிக்குதாம். இந்தச் சுமை விஷயமாத்தான் வந்திருக்காம். போன தையில நடந்த கூத்துக்கு அப்புறம் யாரோ எழுதி அனுப்பினது. அவனை உள்ள விட்டா உண்டு. இல்லன்னா இல்லை."

"எப்படிச் சொல்றது? நாம நகர முடியாதே."

"கத்த முடியும்ல?"

கத்தின. ஒரு வரி அடுத்த வரிக்குச் சொன்னது. அது அடுத்ததற்கு. பங்குனி முகூர்த்தம் சித்திரைக்குச் சொன்னது, சித்திரை வைகாசிக்குச் சொன்னது. காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம் எல்லாம் சேர்ந்து கத்தின. சத்தம் வாசல்வரை போனது.

கருவிக்கு ஒரு வாசல் உண்டு. புதிதாக எது உள்ளே வந்தாலும் அந்த வழியாகத்தான் வரவேண்டும். வாசலில் மறுபார்வை நிற்பாள். அவள் எல்லோரையும் கேட்பது ஒரே கேள்வி.

"நீ யாரைக் கெடுப்பே?"

அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றவன் பளபளப்பு. புதுத் தோற்றம். படிவத்தின் ஓரங்களை வட்டமாக்க வந்தவன். கலர் கலராய் இருந்தான்.

"நானா அக்கா? யாரையும் கெடுக்க மாட்டேன். பாக்கிறவன் கண்ணு குளிரும்."

மறுபார்வை அவனைச் சுற்றிவந்து பார்த்தாள். "இங்க 'வேண்டாம்'னு ஒரு பொத்தான் இருந்துச்சே. திருத்தாம மூடுறதுக்கு. எங்க?"

"அது அழகா இல்லக்கா. எடுத்துட்டேன்."

"தப்பா திறந்தவன் எப்படி வெளிய போவான்?"

பளபளப்பு தலையைச் சொறிந்தான்.

"போய் அதைக் கொண்டா. அப்புறம் கண்ணைக் குளிர வை. அடுத்து!"

அடுத்து நின்றவன் சின்னத்திருத்தம். ஆள் ஒரு சாண்தான். நாலைந்து வரிக் கட்டளை. பார்த்தால் பாவமாக இருக்கும்.

"நீ யாரைக் கெடுப்பே?"

"சேமியைக் கெடுப்பேன்" என்றான் அவன். "அவன் இனிமே முழுச் சுமையும் தூக்க முடியாது. அவசரக்காரங்களையும் கெடுப்பேன். ஒரே கட்டத்தை ரெண்டு பேரு மாத்தினா, ரெண்டாவது ஆளை நிறுத்தி வச்சு, முதல் ஆளு என்ன எழுதினான்னு காட்டுவேன். திட்டுவாங்க."

மறுபார்வை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கெடுப்பேன் என்று ஒப்புக்கொள்கிறவன் வாசலில் அபூர்வம். "எப்படிச் செய்வே?"

"படிவத்தோட மடியில ஒரு பிரதி இருக்குல்லக்கா, திறந்தபோது எடுத்தது? அதை வாங்குவேன். கையில இருக்கிறதோட ஒத்துப் பாப்பேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா அந்தக் கட்டத்தை யாரும் தொடலைன்னு அர்த்தம். அதை எடுத்துட்டுப் போகவே விடமாட்டேன். வேறயா இருந்தாத்தான் எடுப்பேன். எழுதுறதுக்கு முன்னால வரியில இருக்கிற கட்டத்தைக் கேப்பேன். 'திறந்தபோது இருந்த அதே ஆளுதானா நீ?' ஆமாம்னா எழுதுவேன். இல்லைன்னா நிறுத்துவேன்."

"செஞ்சு காட்டு."

வாசலில் ஒரு மாதிரி வரி கிடக்கும், பரீட்சை பார்க்க. சின்னத்திருத்தம் அதில் ஒரு கட்டத்தைக் கேட்டான். "அதே ஆளுதானா?" "ஆமா" என்றது. எழுதினான். இன்னொன்றைக் கேட்டான். "இல்லை, நடுவுல மாறிட்டேன்" என்றது. நிறுத்தினான். சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் சத்தம் வந்து சேர்ந்தது. "சீக்கிரம்! உலகம்மை! சங்கு ஊதப்போகுது! சீக்கிரம்!"

"விடுக்கா!" என்று பளபளப்பு பின்னாலிருந்து கத்தினான். போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாத்தான செய்யுதான். ஏதாவது குறை இருந்தா பிறகு பாத்துக்கலாம்."

"பிறகு பாத்துக்கலாம்னு வந்தவன் எல்லாம் எங்க இருக்கான் தெரியுமா? உள்ள இருக்கான். சேமியும் அப்படி வந்தவன்தான்." மறுபார்வை நகரவில்லை. சத்தத்தைக் காதில் வாங்கினாள். "அந்த மரகதம் எந்தக் கட்டத்தைத் திருத்துறா?"

"இலை! இலை!" என்று சத்தம் பதில் சொன்னது.

"இதுக்கு முன்னால அதுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லை! யாரும் எதுவும் எழுதலை!"

"அப்படியா." மறுபார்வை மாதிரி வரியின் கடைசிக் கட்டத்தைக் காட்டினாள். "இவனைக் கேளு."

அந்தக் கட்டத்தில் வெறுமை உட்கார்ந்திருந்தான்.

வெறுமையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாரும் இன்னும் எழுதாத கட்டத்தில் அவன் இருப்பான். எல்லா அட்டவணையிலும் இருப்பான். பூச்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. பூச்சியம் என்றால் இலை வேண்டாம், சாப்பாடு இல்லை என்று அர்த்தம். வெறுமை என்றால் இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம். இந்த வித்தியாசம் புரியாமல் எத்தனையோ வீட்டில் பந்தி நின்றிருக்கிறது.

சின்னத்திருத்தம் கேட்டான். "அண்ணே, படிவம் திறந்தபோது இருந்த அதே வெறுமைதானா நீ?"

"தெரியாது" என்றான் வெறுமை.

"மாறிட்டியா?"

"தெரியாது."

"நீயும் நீயும் ஒண்ணுதானா?"

"தெரியாது."

சின்னத்திருத்தத்தின் முகம் தொங்கிப்போனது. பளபளப்பு விழுந்து விழுந்து சிரித்தான்.

"தெரியாதுன்னா ஆமாம்னு எடுத்துக்கவாக்கா?"

"எடுத்துக்கோ. ஒருநாள் எவனோ எழுதினதை அழிப்பே. அப்புறம் உனக்கும் சேமிக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்போ இல்லைன்னு எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. இவன்மேல ஒருநாளும் எதையும் எழுத முடியாது. அந்தப் பிள்ளை கல்யாணத்துக்கு இலைக் கணக்கே ஏறாது. மணவறைக்கு உருட்டிட்டுப் போவா, வந்தவன் பசியோட போவான்."

"சீக்கிரம்! அந்தப் பொம்பளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காந்துட்டா! சங்குக்குக் காது கொடுத்துட்டு இருக்கா!"

சின்னத்திருத்தத்துக்கு வியர்த்தது. வெறுமையின் எதிரே குந்தி உட்கார்ந்தான். அவன் முகத்தையே பார்த்தான்.

இவனிடம் போய் எதோடு எதை ஒத்துப் பார்க்கச் சொல்கிறோம்? கையில் ஒன்றும் இல்லாதவன் எதைக் காட்டி ஒத்துப் பார்ப்பான்? தப்பு அவன் பதிலில் இல்லை. நம் கேள்வியில் இருக்கிறது.

"அண்ணே" என்றான். "வேற மாதிரி கேக்கேன். உன்மேல இதுவரைக்கும் யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களா?"

வெறுமை நிமிர்ந்தான்.

"இல்லை!"

அவன் வேறு வார்த்தை சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அவ்வளவுதானா?" என்றான் பளபளப்பு, சிரிப்பு போய்.

"அவ்வளவுதான்" என்றாள் மறுபார்வை. "யாரும் அவனைப் பத்தி அவன்கிட்ட கேக்கலை. எல்லாரும் இன்னொருத்தனோட சேத்துத்தான் கேட்டாங்க." கையிலிருந்த முத்திரையை எடுத்தாள். சின்னத்திருத்தத்தின் முதுகில் ஓங்கிக் குத்தினாள். "அந்தக் கேள்வியையும் சேத்து எழுதிக்கோ. எழுதிட்டியா? ஓடு!"

நகராட்சிச் சங்கு ஊதியது.

மாடியில் மரகதம் விரலால் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டாள். "பிள்ளையாரப்பா" என்றாள். சேமியை அழுத்தினாள்.

சேமி பிரதியைத் தலையில் ஏற்றினான். ஓடினான். பெயர், நாள், மண்டபம், இலை எல்லாம் தலையில் குலுங்கின. எதிரே உலகம்மையின் வரி. கட்டங்கள் கண்ணை மூடிக்கொண்டன.

"நில்லு!"

குறுக்கே ஒரு சாண் உயரத்தில் ஒருவன் கையை விரித்து நின்றான்.

"எவன்லே நீ?"

"புதுசு. முத்திரை முதுகுல இருக்கு, பாத்துக்கோ. இறக்கு."

"தலையில ஏத்தினதை வரி சேருமுன்ன இறக்கினதா என் பரம்பரையிலயே கிடையாது."

"இன்னையிலேருந்து உண்டு. இதுல அவ எதைத் தொட்டா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாது. படிவத்துக்குத் தெரியும். படிவம், மடியில இருக்கிறதை அவிழு."

படிவம் மிரண்டு போனது. எத்தனை வருஷமாக அதை மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது! ஒருவராவது அவிழ் என்று கேட்டதில்லை. எதற்குக் கட்டுகிறோம் என்பதே அதற்கு மறந்துவிட்டது. அவிழ்த்துக் கொடுத்தது.

சின்னத்திருத்தம் இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்தான்.

"பேரு. அதுலயும் உலகம்மை, இதுலயும் உலகம்மை. தொடலை. கீழ வை."

சேமி வைத்தான்.

"நாள். தொடலை. வை."

வைத்தான்.

"மண்டபம். திறந்தபோதும் மேல். கையிலயும் மேல்."

"வரியில கீழ்னு இருக்கே!" என்று மண்டபக் கட்டம் அலறியது.

"இருந்துட்டுப் போ. அவ உன்னைத் தொடலை. தொடாததை இவன் தூக்க வேண்டாம். வை."

சேமி ஒரு நொடி தயங்கினான். பழக்கம். பிறகு வைத்தான்.

"இலை. திறந்தபோது வெறுமை. கையில 700. இதைத் தொட்டிருக்கா." வரியில் இருந்த இலைக் கட்டத்தின் பக்கம் திரும்பினான். வெறுமை காத்திருந்தான். "அண்ணே, உன்மேல யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களா?"

"இல்லை! இல்லை!" என்றான் வெறுமை. இருமுறை சொன்னான். சொல்லிப் பழக ஆசை.

"எழுது."

சேமி 700 என்ற ஒற்றைச் சுமையை எடுத்துப்போய் வைத்தான். வெறுமை எழுந்து வழிவிட்டான். அவனுக்கு வேறு வரியில் இடம் இருந்தது.

சேமி திரும்பி வந்தான். தலையைத் தடவிப் பார்த்தான். "இவ்வளவுதானா வேலை?"

"இவ்வளவுதான்."

"இத்தனை நாளும் மத்ததை எல்லாம் நான் எதுக்குத் தூக்கினேன்?"

 

மாடியில் மரகதம் பட்டியலைத் திறந்தாள். ஜவுளிக்கடை அண்ணாச்சி கழுத்தை நீட்டினார்.

"கீழ் காலியா?"

"இல்லியே அண்ணாச்சி. உலகம்மைன்னு இருக்கு. பாய் மாத்தியிருப்பாரு போல. மேல்தான் காலி."

"மேலயா! என் சம்பந்திக்கு மூட்டுவலி. எப்படி ஏறுவான்?"

"நாலு பேரு நாற்காலியோட தூக்கிருவாங்க அண்ணாச்சி. ஒரு நிமிஷ வேலை."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "தூக்குறதா? அவன் என்ன மூட்டையா? ஊரு பாத்துச் சிரிக்காது?" என்றார். வேறு மண்டபம் பார்க்கிறேன் என்று எழுந்து போனார்.

மரகதம் 700 ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். ஏறியிருந்தது. மண்டபம் கீழ் என்றே இருந்தது. அவளுக்கு ரொம்பத் திருப்தி. தொழுகை முடிந்து வந்த காஜா மைதீனிடம் சொன்னாள். "ராகுகாலத்துல அழுத்தாம வச்சிருந்தேன் பாய். அதான் எல்லாம் நல்லபடியா ஏறியிருக்கு."

"நான் ராகுகாலத்துலதான் அழுத்தினேன். அதுவும் நல்லபடியாத்தான் ஏறியிருக்கு" என்றார் அவர்.

இரண்டு பேரும் அவரவர் பக்கம் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

கல்யாண நாள் வந்தது. கீழ் மண்டபம் நிறைந்து கிடந்தது. மேளம் கொட்டியது. சந்தனத் தட்டோடு நின்றவர்கள் வழிவிட்டார்கள். உலகம்மை பட்டுச் சேலையில், மாலையோடு, சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்தாள்.

மணவறைக்குப் போகும் வழியில் அந்த நிலைப்படி மேடு. முன் சக்கரம் அதில் முட்டி நின்றது.

நாலு மச்சான்மாரும் பாய்ந்து வந்தார்கள். பின்னாலேயே சித்தப்பா, பெரியப்பா, சமையல் ஆள் ஒருவர். நாற்காலியின் மேல் எட்டுப் பத்துக் கை விழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தூக்கிப் பழக்கம்.

உலகம்மை மாலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். முன்னால் சாய்ந்தாள்.

"ஏலே, தொடாதீங்க. உங்களை யாரும் கூப்பிடல."